காத்த மொழியும் காத்த மௌனமும்

ஆகஸ்டு 14ஆம் நாள் என்றதும் நம் நினைவுக்கு வருவது விண்ணேற்பு அன்னையின் திருவிழா ஆயத்தமே. கோவிலில் தோரணம், வீட்டில் பலகாரம், மாலையில் செபமாலை என்று அன்றையப் பொழுது கழிந்துவிடும். அதே நாளுக்கு அமெரிக்க நாட்டில் வேறொரு சிறப்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தாய்மொழியையே படைக்கலமாக ஏந்தி நின்று, பின்னர் அதைப் பற்றி வாய் திறவாமல் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தாரை நினைவுகூரும் நாள் அது. அவர்கள் நவஹோ என்னும் பழங்குடியினர். 1982ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ரீகன் இந்நாளை அவர்களுக்கு உரியதாக அறிவித்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்த செய்தி அமெரிக்க மக்களை எட்டியதும் ஒரு ஆகஸ்டு 14ஆம் நாளில்தான்.

இவர்களுடைய வரலாற்றைப் படித்த நாள்முதல் அது என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதன் காரணத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களின் வறண்ட மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்தவர்கள் நவஹோ மக்கள். 1864இல் அமெரிக்கப் படை அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டி, 300 மைலுக்கும் அதிகமான தொலைவு நடத்திச் சென்று சிறைப்படுத்தியது. வழியில் மாண்டவர் பலர். 1868இல்தான் அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. அதன்பின் பள்ளிக்கூடங்கள் வந்தன. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் விடுதிகளில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே அவர்களுடைய கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடைசெய்யப்பட்டது. மறந்து ஒரு சொல் பேசிவிட்ட பிள்ளையின் வாயைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுவது அங்கே வழங்கிய தண்டனைகளுள் ஒன்று. அரசுப் பள்ளிகள் மட்டுமல்ல, கிறிஸ்தவர் நடத்திய பள்ளிகள் பலவும் பழங்குடிப் பிள்ளைகளின் மொழியை ஒடுக்கின என்பதை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

1942இல் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்கப் படையின் சங்கேதச் செய்திகளை ஜப்பானியர் எளிதில் கண்டறிந்து வந்தனர். அப்போது பிலிப் ஜான்ஸ்டன் என்பவர் மரைன் படையை அணுகி ஒரு யோசனை கூறினார். அவர் ஒரு மறைபரப்பாளரின் மகன். நவஹோ சிறுவர்களோடு விளையாடி அவர்கள் மொழியைக் கற்றவர். அம்மொழியில் செய்தி அனுப்பினால் பிறர் எவருக்கும் விளங்காது என்றார் அவர். சோதித்துப் பார்த்த அதிகாரிகள் வியந்தனர். அவ்வாண்டு மே மாதம் 29 நவஹோ இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த 29 பேரும் தாங்களே அமர்ந்து குறிமொழியை அமைத்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பெஷ்-லோ'. அதன் பொருள் இரும்பு மீன். டாங்கி ஆமையாயிற்று, போர் விமானம் ரீங்காரச் சிட்டாயிற்று, வெடிகுண்டு முட்டையாகவும், கையெறி குண்டு உருளைக்கிழங்காகவும் ஆயின. பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நவஹோச் சொல்லை வகுத்தார்கள். தொடக்கத்தில் 200க்குச் சற்று மிகுதியாக இருந்த குறிச்சொற்கள் போர் முடியுமுன் 400ஐக் கடந்தன. அனைத்தையும் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். போர்முனைக்கு ஏட்டை எடுத்துச் செல்வதில்லை. அமெரிக்கா என்னும் சொல்லுக்கு அவர்கள் தேர்ந்த பெயர் 'நம் அன்னை'. தங்கள் மொழியை வாயிலிருந்து கழுவ முயன்ற நாட்டை அவர்கள் அன்னை என்றே அழைத்தார்கள்! இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

குவாடல்கனால் தொடங்கிப் பசிபிக் தீவுகள் பலவற்றில் சுமார் 400 நவஹோ குறிமொழியாளர் பணியாற்றினர். 1945 பிப்ரவரியில் இவோ ஜிமாத் தீவில் போர் தொடங்கிய முதல் இரண்டு நாளில், அவர்களுள் 6 பேர் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றி அனுப்பினர். அவர்கள் இல்லையேல் அத்தீவு கைவசமாகியிராது என்று அங்கிருந்த தகவல் தொடர்பு அதிகாரியே சான்று பகர்ந்தார். ஜோ கியோமியா என்ற நவஹோ வீரரை ஜப்பானியர் சிறைப்பிடித்து, அக்குறிமொழியை விளக்குமாறு வதைத்தனர். அவர் குறிமொழியாளர் அல்லர். சொற்கள் புரிந்தன, பொருள் புரியவில்லை. ஆமையும் முட்டையும் போர்க்களத்தில் எதைக் குறிக்கும் என்று அவர் எங்ஙனம் அறிவார்?

போர் முடிந்தது. நடந்ததை எவரிடமும் கூறலாகாது என்ற கட்டளையோடு அவர்கள் வீடு திரும்பினார்கள். முதல் 29 பேருள் ஒருவரான செஸ்டர் நெஸ் உறக்கத்தில் போர்க்களத்தைக் கண்டு அலறினார். குடும்பத்தார் தங்கள் மரபுப்படி அவருக்குச் சடங்கு செய்து அமைதி தேடினர். ஆயினும் தாம் ஆற்றிய பணி இன்னது என்று தந்தையிடமும் அவர் சொல்ல இயலவில்லை. அவர்கள் கொண்டு சேர்த்த செய்திகளால் பிழைத்தவர் பலர். அதே செய்திகளால் மடிந்தவரும் பலர். அந்தச் சுமையையும் அவர்கள் மௌனமாகவே சுமந்தார்கள். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பழங்குடியினருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1948இல்தான். 1968இல் அரசு இரகசியத் தடையை நீக்கியது. 2001 ஜூலையில் அந்த 29 பேருக்கும் பொற்பதக்கம் வழங்கப்பட்டபோது உயிரோடிருந்தவர் ஐவர். விழாவுக்கு வந்தவர் நால்வர். அந்த 29 பேருள் இறுதிவரை வாழ்ந்த செஸ்டர் நெஸ் 2014இல் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வரலாற்றில் நமக்கு ஆறுதல் தரும் ஓர் ஏடும் உண்டு. 1898இல் அரிசோனாவின் செயின்ட் மைக்கேல்ஸ் என்னுமிடத்திற்கு வந்த பிரான்சிஸ்கன் சபைக் குருக்கள் நவஹோ மொழியைப் பணிவோடு கற்று, 1910இல் அதற்கு ஓர் அகராதியே வெளியிட்டனர். பிறர் அழிக்க முயன்ற மொழியை அவர்கள் மதித்துப் பயின்றனர்.

நான் படித்த பள்ளியொன்றில் தமிழில் பேசினால் தண்டம் கட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து பைசா. ஆனால் மாலையில் வீட்டில் அம்மா முழந்தாளிட்டுச் செபம் சொல்லித் தருவது தமிழில்தான். பள்ளி மொழி வயிற்றுக்குச் சோறிட்டது. அதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் துன்பம் வந்த வேளைகளில் என் வாயில் வந்தது அம்மா தந்த சொற்களே.

இன்று நம் இல்லங்களில் எவரும் பிள்ளைகளின் வாயைக் கழுவுவதில்லை. "தமிழில் பேசாதே, வகுப்பில் பின்தங்கிவிடுவாய்" என்று அன்போடு சொல்லிவிடுகிறோம். வன்முறையால் ஆகாதது சில வேளை அன்பால் ஆகிவிடும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 29 இளைஞர்களும் தம் மொழியைப் பள்ளியில் பெறவில்லை. ஆட்டுக்கிடையின் ஓரத்திலும் அடுப்பங்கரையிலும் பெற்றார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளிடம் அஞ்சாமல் அம்மொழியில் பேசிய அன்னையர் எவருடைய பெயரும் பதக்கத்தில் இல்லை. ஆகஸ்டு 14ஆம் நாளின் பெருமையில் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியது.