நீர்புகாக் கருவியும் நூற்றாண்டுப் பழைய சட்டமும்

கடற்கரைக் களப்பணிக்கென உதவித்தொகையில் மிச்சம்பிடித்து மெட்டல் டிடெக்டர் வாங்க எண்ணிய இளைய ஆய்வாளர் ஒருவர், மலிவான நீர்புகாக் கருவி எது என்று கேட்டார். அவருக்கு எழுதியது பிறருக்கும் உதவலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

'நீர்புகாதது' என்னும் சொல்லை மட்டும் நம்பலாகாது. மலிவான கருவிகள் பலவற்றில் தேடுசுருள் மட்டுமே நீரைத் தாங்கும். கைப்பிடியருகே உள்ள மின்னணுப் பெட்டி தாங்காது. மினிலேப் வான்குவிஷின் முந்தைய மாதிரிகள் அத்தகையவை. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் கருவியையோ 3 மீட்டர் ஆழம்வரை முழுவதுமாக மூழ்கவைக்கலாம். ஆனால் அது 12 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒற்றை அதிர்வெண்ணில் இயங்குகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், கடலோர ஈரமணலே உலோகம்போல் ஒலியெழுப்பச் செய்யும். உணர்திறனைக் குறைத்தால் அவ்வொலி அடங்கும். தேடும் ஆழமும் குறையும். பல அதிர்வெண்களை ஒருங்கே பயன்படுத்தும் வான்குவிஷ் இதனை நன்கு சமாளிக்கும். ஆகவே ஆறு, ஏரிகளுக்கு நோக்டா. நீரில் இறங்காமல் கடலோர ஈரமணலில் தேட வான்குவிஷ். இரு பண்புகளும் சேர்ந்த கருவிக்கு விலை கூடும்.

கருவிக்கு முன் அறியவேண்டியது சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றி அகழ்வது குற்றம்.

சட்டத்தைக் கடந்தும் ஒன்று உண்டு. ஒரு நாணயம் கிடந்த மண்ணடுக்கும் அதனருகே கிடந்த பானையோடும் சேர்ந்துதான் அது சான்றாகிறது. தனியே பிடுங்கியெடுத்தால் உலோகம் எஞ்சும், சான்று அழியும். எனவே, உரிமம் பெற்ற அகழாய்வுக் குழுவொன்றில் இடம் கிடைக்கும்வரை அப்பணத்தைச் செலவிடவேண்டாம் என்றே அவருக்கு எழுதினேன்.