புயல் திருப்பிய கப்பல்கள்

கரீபியக் கடலில் செயின்ட் மார்ட்டின் என்றொரு சிறு தீவு. வடபகுதி பிரான்சைச் சார்ந்தது; தென்பகுதி நெதர்லாந்தைச் சார்ந்தது. தென்பகுதியின் தலைநகரான பிலிப்ஸ்பர்க்கில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி உலவும் அந்தச் சில மணி நேரமே ஊரார் பலரின் பிழைப்பு.

2017 செப்டம்பர் 6 அன்று 'இர்மா' சூறாவளி மணிக்கு சுமார் 285 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் தீவைச் சூறையாடியது. இரு வாரங்களுக்குள் 'மரியா' டொமினிக்காவையும் போர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. கப்பல் நிறுவனங்கள் கிழக்குத் துறைகளை விலக்கி, மெக்சிகோவின் கொசுமெல் போன்ற மேற்குத் துறைகளுக்குப் பாதையைத் திருப்பின. பயணிகளுக்கு மாற்றுத் துறை கிடைத்தது. கூரையிழந்த கடைக்காரருக்கோ வேறு துறை இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பிலிப்ஸ்பர்க்குக்கு மீண்டும் கப்பல்கள் வரத் தொடங்கின. சிதைந்த ஊரைக் காணச் செல்வது தகுமோ எனத் தயங்குவோர் உண்டு. துறை திறந்த பின்னரும் நாம் ஒதுங்கி நின்றால், அவ்வூரார் மீண்டெழுவது எங்ஙனம்?