கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்

எங்கள் இளையவனுக்குப் பதினான்கு வயது. பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் உரக்கக் குரல் கொடுப்பான், கை தட்டுவான். வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது. கோவிலில்?

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பங்குக் கோவிலில் பூசை நடுவே அவன் குரல் கொடுத்தான். நாலைந்து தலைகள் திரும்பின. பூசை முடிந்ததும் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதே, அடுத்த ஞாயிறு பிள்ளையை வீட்லேயே விட்டுட்டு வாயேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது. அன்று முதல் இவர் காலைப் பூசைக்கு, நான் மாலைப் பூசைக்கு. பிள்ளை எதற்கும் இல்லை.

போன மாதம் என் மாமியார், "மூணு கோவிலுக்கு நேர்ந்திருக்கேன், பேரனும் வரணும்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கிளம்பினோம்.

முதலில் மயிலாப்பூர் லஸ் கோவில். பிரகாச மாதா ஆலயம் என்று பெயர். 1516 என்ற ஆண்டு அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. புயலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி கரைக்கு வழி காட்டியதாம். அந்நாளில் சுற்றிலும் காடு என்பதால் 'காட்டுக் கோவில்' என்றும் பெயர். கடைத்தெருச் சத்தத்திலிருந்து உள்ளே போனால் அப்படி ஒரு குளிர்ச்சி!

அங்கிருந்து ஆட்டோவில் சாந்தோம். வெள்ளை வெளேரென்ற இப்போதைய கட்டடம் 1896-ல் எழுந்தது. 1956-ல் பசிலிக்கா ஆனது. நிலத்தடியில் தோமையாரின் கல்லறை. அங்கே முழங்காலிட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. உயிர்த்த ஆண்டவரை மற்ற சீடர்கள் பார்த்தபோது தோமையார் அங்கில்லை. பிறகு அவர்கள் சொல்லியும் நம்பவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் மறுபடி வந்தபோது தோமையார் அவர்களோடுதான் இருந்தார். 'நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை?' என்று யாரும் அவரை வெளியே அனுப்பிவிடவில்லையே!

கடைசியாகப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவில். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் திருவிழா. அப்போது கடற்கரை வரை ஜனம்தான். நாங்கள் போனது சாதாரண நாள். ஆனாலும் கூட்டம். வேளாங்கண்ணிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதா மோர் கேட்டது நடக்க முடியாத ஓர் ஏழைப் பையனிடம். அந்தக் கதையை நினைத்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு அருகில் நின்றேன்.

பாட்டு ஆரம்பித்ததும் இவன் குரல் கொடுத்தான். எனக்கு நெஞ்சு படபடத்தது. பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் திரும்பினார். நெற்றியில் குங்குமம், தலை நிறைய மல்லிகை. நகர்ந்து இடம் விட்டு, "இங்க வந்து உக்காரு ராசா, பாட்டுன்னா பிடிக்குமா?" என்றார். என்ன குறை, எந்த டாக்டர் என்று ஒரு கேள்வி இல்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லப்போனால் அந்தக் கோவிலுக்கே விருந்தாளி அந்த அம்மாள். அவர்தான் என் பிள்ளைக்கு இடம் கொடுத்தார்!

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். இவன் பிறப்பதற்கு முன், அழும் குழந்தையோடு வந்த பெண்களை நானும் திரும்பி முறைத்தவள்தான். 'அனைவரும் வருக' என்று வாசலில் பலகை வைப்பது சுலபம். உள்ளே வந்தவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டுமே! வெளியே கூட்டிப்போகச் சொல்லாமல், "நான் என்ன செய்யட்டும்?" என்று தாயிடம் கேளுங்கள். தனியே வருபவருக்கு, புதிதாக வருபவருக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுங்கள். இதற்கெல்லாம் காசு வேண்டாம்.

போன ஞாயிறு எங்கள் பங்குக் கோவிலுக்கே அவனைக் கூட்டிப் போனேன். கதவோரத்து பெஞ்சு. குரல் கொடுத்தான். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தேன்.