ஆல் ஒரிஜினல்

பழைய பேஸ் கிட்டார் விற்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மந்திரச் சொல் உண்டு. 'ஆல் ஒரிஜினல்.' அறுபது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ, ஒரு திருகு கூட மாறாமல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் புரியும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ஆனா' ஒளிந்துகொண்டிருக்கும். ஆனா ஃப்ரெட் மட்டும் மாத்தியிருக்கு. ஆனா பெயின்ட் மட்டும் திரும்ப அடிச்சது. ஆனா ஒரு பிக்கப்ப மட்டும் மறுபடி சுத்தியிருக்கு.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஏழெட்டு வருடம் இருக்கும். வாங்குகிற வசதி இல்லை, பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. பகலெல்லாம் லாக் ஃபைல்களில் எங்கே, எப்போது, என்ன மாறியது என்று தேடுகிறவனுக்கு ராத்திரி ஒரு கிட்டாரின் உட்புறப் படங்களில் அதையே தேடுவது ஓய்வாக இருக்கிறது. விசித்திரம்தான்.

ஃபெண்டர் பேஸ்களையே எடுத்துக்கொள்வோம். 1951-ல் பிரசிஷன் பேஸ் வந்தது, 1960-ல் ஜாஸ் பேஸ். பழைய பேஸ் சந்தை பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. உடம்பிலிருந்து நெக்கைக் கழற்ற நாலு திருகு போதும். கழற்றினால் அதன் அடிப்பகுதியில் ஒரு முத்திரை இருக்கும். '7 நவ 64 ஏ' என்று இருந்தால் பலரும் 1964 நவம்பர் 7 என்று படித்துவிடுவார்கள். அந்த 7 தேதி இல்லை, ஜாஸ் பேஸ் என்பதற்கான எண். 'ஏ' என்பது நெக்கின் அகலம். மாதமும் வருடமும் மட்டும்தான் காலம்.

அடுத்தது வால்யூம், டோன் திருகிகளின் முதுகு. அங்கே ஏழு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 3046612 என்றால் 304 தயாரித்த கம்பெனி, 66 வருடம், 12 வாரம். நெக் 1964, திருகி 1966 என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருகி 1966, நெக் 1968 என்றால் பயப்பட வேண்டாம். 1966-ல் மொத்தமாக வாங்கிப்போட்டதை ஃபெண்டர் சில வருடங்கள் வைத்து ஓட்டியது. சீரியல் எண்ணை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. பின்பக்கத் தகடுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்து மாட்டினார்கள், வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

பிறகு சால்டர். தொடப்படாத பழைய சால்டர் மங்கிப்போய் அமைதியாக இருக்கும். புதியது பளபளக்கும், பக்கத்துத் துணிவயரைக் கொஞ்சம் கருக்கியும் இருக்கும். புறஊதா விளக்கடியில் பழைய நைட்ரோ லாக்கர் மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும், மேலே பிற்பாடு பூசியது தனித்துத் தெரியும். கடைசியாக, நிரப்பி மூடப்பட்ட திருகு ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் "இது இப்படி இருந்தா நல்லா இருக்குமே" என்று நினைத்ததன் தடம்.

இதையெல்லாம் எதற்குப் பார்க்கிறோம்? காசுக்கு. மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் விலை பாதி என்பது இந்தச் சந்தையின் வாய்ப்பாடு. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் தேதிக்கு முந்தியது என்றால் ஒரு விலை, பிந்தியது என்றால் வேறு விலை. அதே ஆட்கள், அதே இயந்திரங்கள், அதே மரக்குவியல். ஆனாலும் டிசம்பரில் செய்தது ஜனவரியில் செய்ததைவிட உசத்தி. விரல்பலகையிலும் இதே கதை. பிரேசில் ரோஸ்வுட் என்றால் மவுசு. 1992-லிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை இருப்பதால் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேறு வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, அதாவது மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி. அதற்கு அந்த மவுசு இல்லை.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. லியோ ஃபெண்டர் அடிப்படையில் ஒரு ரேடியோ மெக்கானிக். ஃபுல்லர்டனில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. நெக் வீணானால் கழற்றி வேறு மாட்டு, திருகி போனால் மாற்று என்று ஒரு மெக்கானிக்கின் மூளையோடு இந்தக் கருவியை வடிவமைத்தார். மாற்ற முடியும் என்பதுதான் அதன் மேதைமை. நாம் இன்று மாற்றாமல் விட்டதற்குக் காசு கொடுக்கிறோம்.

மாறாமல் இருப்பது எது? பெரும்பாலும் வாசிக்கப்படாதது. நன்றாக ஒலிக்கும் பேஸ் மேடை மேடையாகப் போகும், ஃப்ரெட் தேயும், வியர்வையில் லாக்கர் உரியும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளை எல்லாம் பிடுங்கி, பள்ளங்களை நிரப்பி, மேலே எப்பாக்ஸி பூசினார். சந்தை வாய்ப்பாட்டின்படி அது குப்பை. எழுபதுகளுக்குப் பிறகு பேஸ் வாசித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குப்பையின் ஒலியைத்தான் துரத்தினார்கள். இன்னொரு வேடிக்கை, 1995 முதல் ஃபெண்டரே புதுக் கிட்டார்களைத் தேய்த்து, உரித்து, பழசுபோல ஆக்கி கூடுதல் விலைக்கு விற்கிறது. உண்மையான பழசுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் விலை பாதி, புதுசின் பெயின்ட்டைச் சுரண்டினால் விலை அதிகம். என்னடா கூத்து இது!

போன வருடம் நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பன் ஒரு கடையிலிருந்து வீடியோ காலில் வந்தான். இரண்டு பிரசிஷன் பேஸ்கள், இரண்டும் 1966. ஒன்று எல்லாமே ஒரிஜினல், பெட்டிக்குள்ளேயே வாழ்ந்தது. மற்றொன்று எழுபதுகளில் எவரோ கறுப்பு அடித்தது, ஃப்ரெட் மாற்றியது, ஒரு திருகி புதுசு. விலை கிட்டத்தட்ட பாதி. அவனுடைய மூன்று வருட சேமிப்பு முதலாவதற்குச் சரியாக இருந்தது.

"நீ சொல்லு மச்சி, எத எடுக்க?"

முதலாவதின் முத்திரை, திருகி, சால்டர் எல்லாம் சுத்தம். நெக்கை மட்டும் பக்கவாட்டில் காட்டச் சொன்னேன். முன்பக்கம் வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் ஏற்கெனவே முழுசாக இறுக்கப்பட்டுவிட்டது, இனி திருக இடமில்லை. சரிசெய்ய ஃப்ரெட்டுகளைக் கழற்றிப் பலகையைச் சீவ வேண்டும். சீவினால் அது 'ஆல் ஒரிஜினல்' இல்லை. வாசிக்கலாம் அல்லது ஒரிஜினலாக வைத்திருக்கலாம். முதலீடு என்றால் அது, வாசிக்க என்றால் மற்றது என்று மட்டும் சொன்னேன்.

அவன் கறுப்பை மடியில் வைத்து அரை மணி நேரம் வாசித்தான். போன் ஸ்பீக்கரில் அடி ஒலி ஒன்றும் கேட்கவில்லை, அவன் முகம் மட்டும் தெரிந்தது. அதையே எடுத்தான்.

வலது முழங்கை படும் மேல் விளிம்பில் கறுப்பு தேய்ந்து, அடியில் பழைய சன்பர்ஸ்ட் மஞ்சள் தெரிகிறது. பெயின்ட் அடித்ததற்குப் பிறகும் யாரோ வருடக்கணக்காக விடாமல் வாசித்திருக்கிறார்கள். கறுப்பை முழுதும் உரித்துவிடலாமா என்று போன வாரம் கேட்டான். வேண்டாம்டா, அந்த ஆளோட கை அங்கதான் இருக்கு என்றேன்.