நிரலால் நகரும் கோடுகள்

இணையப் பக்கங்களில் இடம்பெறும் படங்களை, அவை சேமிக்கப்படும் முறையைக் கொண்டு இருவகையாகப் பிரிக்கலாம். ஒளிப்படம் போன்றவை பிக்சல் எனப்படும் வண்ணப் புள்ளிகளின் தொகுப்பாக அமைகின்றன. வெக்டர் படங்களோ, கோடு எங்கே தொடங்கி எவ்வழியே சென்று எங்கே முடிய வேண்டும் என்னும் கட்டளைகளாக எழுதப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாமல் நிற்கின்றன. இக்கட்டளைகளுக்கென டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பு 2001 செப்டம்பரில் பரிந்துரைத்த எஸ்விஜி என்னும் குறிமொழி, படத்தை எழுத்து வடிவிலேயே பக்கத்துக்குள் வைக்க இடமளித்தது. அதே மாதம் வெளிவந்த ஸ்மைல் அசைவூட்ட விதிகள், அந்தப் படத்தின் எந்த உறுப்பு எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் அசைய வேண்டும் என்பதையும் அங்கேயே, தனி நிரல்கோப்பு எதுவுமின்றி, எழுதிவைக்க வழிசெய்தன.

இவ்வாறு படங்களை நிரலால் அசைக்கும் கைவினை 2015ஆம் ஆண்டில் அழிவின் விளிம்புக்கு வந்தது. குரோம் உலாவியை உருவாக்குவோர், சிஎஸ்எஸ் என்னும் அழகூட்டு மொழியின் அசைவுகளும் புதிய நிரல் முறைகளும் போதுமெனக் கருதி, ஸ்மைலைக் கைவிடும் எண்ணத்தை அவ்வாண்டு அறிவித்தனர். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதனை ஒருபோதும் ஏற்காதிருந்தமை அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் ஸ்மைல் செய்யும் சில பணிகளுக்கு ஈடான மாற்று இல்லை என்று அதைக் கையாள்வோர் எடுத்துரைத்ததன் பயனாக, 2016 ஆகஸ்டில் அம்முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2020இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் குரோமின் அடித்தளத்துக்கே மாறிய பின்னர், ஒருகாலத்தில் கைவிடப்படவிருந்த இம்முறை எல்லா முதன்மை உலாவிகளிலும் இயங்குவதாயிற்று.

இதன் நுட்பத்தைத் தமிழ் எழுத்தொன்றைக் கொண்டே விளக்கலாம். நூறுக்கு நூறு அலகு கொண்ட ஒரு சதுரத்தில், இடமிருந்து 10, மேலிருந்து 10 என்ற புள்ளியில் தொடங்கி, 90 வரை கீழே இறங்கி, அங்கிருந்து வலப்புறம் 90 வரை ஒரு கோடு சென்றால் 'ட' என்னும் எழுத்து உருவாகிறது. எஸ்விஜியில் இது 'எம் 10 10 வி 90 எச் 90' என்ற ஒரே வரி: எம் என்பது எழுதுகோலை வைக்கும் இடத்தையும், வி என்பது நெடுக்குக் கோட்டையும், எச் என்பது கிடைக்கோட்டையும் குறிக்கின்றன. இரு பகுதிகளும் எண்பது எண்பது அலகாக, எழுத்தின் முழு நீளம் 160 ஆகிறது.

கோடுகளை விட்டுவிட்டு வரைவதற்கென அமைந்த ஸ்ட்ரோக்-டாஷ்அரே என்னும் பண்பே இங்கு முதன்மைக் கருவியாகிறது. கோட்டுத்துண்டின் நீளத்தையும் இடைவெளியின் நீளத்தையும் 160 என்றே வைத்து, துண்டு தொடங்கும் இடத்தைத் தள்ளிவைக்கும் ஸ்ட்ரோக்-டாஷ்ஆஃப்செட் என்னும் பண்பையும் 160 ஆக்கினால், எழுத்து முழுவதும் இடைவெளிக்குள் அகப்பட்டு மறைந்துவிடுகிறது. அந்த மதிப்பை இரண்டு நொடிகளில் சுழியத்துக்குக் குறைத்தால், எழுத்து தொடக்கப் புள்ளியிலிருந்து மெல்லத் தோன்றுகிறது. கையால் எழுதுவதாகக் கண்ணுக்குப் படுவது, முன்பே வகுத்த பாதையின்மீது ஒரு கோட்டுத்துண்டு நகர்வதே ஆகும்.

எனினும் இவ்வளவோடு நின்றால் அது இயந்திரத்தின் எழுத்தாகவே இருக்கும். மனிதக் கை மூலையில் சற்று நின்று திரும்பும். அதற்காக மதிப்புகளை 160, 80, 80, 0 என்றும், அவற்றுக்குரிய நேரப் பங்குகளை 0, 0.45, 0.55, 1 என்றும் கைவினைஞர் அமைக்கிறார். மூலையில் ஐந்தில் ஒரு நொடி கோடு நிற்கிறது, எழுத்துக்கு உயிர் வருகிறது. இந்த இடைநிறுத்தத்தை எந்தக் கருவியும் தானாகச் சொல்லித்தருவதில்லை; எழுதும் கையைக் கூர்ந்து பார்த்த கண்ணே அதை அறியும்.

வளைவுள்ள எழுத்துகளில் வேலை பன்மடங்கு கூடுகிறது. எழுத்துருவில் உள்ள 'ழ' அதன் புறவிளிம்பால் ஆனது என்பதால், அதை அப்படியே இம்முறைக்கு உட்படுத்தினால் எழுத்தின் இருபுறக் கரைகளே வரையப்படும். கை செல்லும் நடுவழியைக் கைவினைஞரே புதிதாக வகுக்க வேண்டும். அதற்குப் பயன்படும் பெசியே வளைவு, இரு முனைப்புள்ளிகளும் அவற்றுக்கிடையே வளைவை இழுத்துநிறுத்தும் இரு கட்டுப்புள்ளிகளும் கொண்டது. இவ்வளைவை சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்டெல்ஜோ 1959லேயே வகுத்திருந்தும், நிறுவனம் அதை மறைத்துவைத்தமையால், அதே துறையில் ரெனால்ட் நிறுவனத்திலிருந்து தம் ஆய்வை வெளியிட்ட பியேர் பெசியேயின் பெயரே நிலைத்தது. மறைக்கப்பட்ட அறிவு அதைக் கண்டவருக்கே பயன்படாமற் போனதற்கு இது ஒரு சான்று.

வெளிப்படையாக வைக்கப்பட்ட அறிவு எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கும் இத்துறையிலேயே சான்று உண்டு. கோடு வரையும் இந்த உத்தியை இணைய நிரலாளர் ஜேக் ஆர்ச்சிபால்ட் 2013இல் எளிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினார்; அவ்வாண்டு நவம்பரில் போலிகான் என்னும் விளையாட்டு இதழ், புதிதாக வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளின் விமர்சனக் கட்டுரைகளில் அக்கருவிகளின் உருவங்களைக் கோடு கோடாக வரைந்து காட்டியது. லெபனானைச் சேர்ந்த சாரா சுவைதான் 2014இல் ஸ்மைலுக்கு எழுதிய விரிவான வழிகாட்டி, பலருக்குப் பாடநூலாயிற்று. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தாலே ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் வரிக்கு வரி கற்கலாம் என்பதால், இந்தத் தொழிலுக்கு ஒவ்வொரு பக்கமும் பள்ளியாக இருந்துள்ளது. உருமாற்றம், பாதைவழி நகர்வு முதலிய பிற உத்திகளும் இவ்வாறே கைமாறி வந்தவை.

இதற்கு நேர்மாறானது ஃபிளாஷ் என்னும் அசைவூட்டக் கருவியின் வரலாறு. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் தோன்றி, மேக்ரோமீடியாவின் கைக்கும் பின்னர் 2005இல் அடோபியின் கைக்கும் சென்ற அக்கருவி, ஒரு தலைமுறை அசைவூட்டக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது உண்மையே. ஆனால் அவர்களுடைய படைப்புகள் ஒரு நிறுவனத்தின் செருகுநிரல் இல்லாமல் திறக்காதவையாக இருந்தன. எஸ்விஜியை உருவாக்குவதில் பங்கேற்று, அதற்கான செருகுநிரலையும் வழங்கிய அதே அடோபி, மேக்ரோமீடியாவை வாங்கிய பின் அச்செருகுநிரலுக்கான ஆதரவை 2009 தொடக்கத்தில் முடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷுக்கான ஆதரவையும் முடித்துக்கொண்டது. கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய திறமையும், தளங்களில் குவிந்திருந்த படைப்புகளும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவையாக இருந்தமையே இந்த இழப்பின் வேர். உழைத்தவரிடம் படைப்பு இருந்தது. அதைத் திறக்கும் சாவி இடையில் நின்றவரிடம் இருந்தது. உழைப்பவருக்கும் பயன்கொள்பவருக்கும் நடுவே நின்று வழியை அடைக்கும் உரிமை எந்த இடையாளருக்கும் தரப்படலாகாது.

வெளிப்படையான கருவியைப் பெற்றவருக்குப் பொறுப்பும் உண்டு. திரையில் பொருள்கள் நகர்வது உள்காதின் சமநிலை குன்றியோருக்குத் தலைசுற்றலைத் தரக்கூடும். தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் பிற செய்திகளோடு சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்த வழி வேண்டும் என்று அணுகல்தன்மை விதிகள் கூறுகின்றன. அசைவைக் குறைக்குமாறு பயனர் தம் கருவியில் செய்துவைத்த அமைப்பை ஸ்மைல் தானாக மதிப்பதில்லை ஆகையால், அதை மதிக்கச் செய்யும் நிரல்வரியைக் கைவினைஞரே எழுதிச் சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் பக்கங்களுக்கு இந்தக் கைவினை இயல்பாகவே பொருந்துகிறது. 'ட' போன்று ஒவ்வோர் எழுத்தின் நடுவழியும் நேரப் பங்குகளும் வெறும் எழுத்துவரிகளாக வகுக்கப்பட்டு, எவரும் எடுத்துத் திருத்தும் உரிமையோடு பொதுவில் வைக்கப்பட வேண்டும். அவற்றை வகுப்போருக்கு உரிய கூலியும், செய்தவர் பெயரும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். அவ்வாறு செய்தால், எந்த நிறுவனம் எந்தக் கருவியைக் கைவிட்டாலும், அந்த வேலை படிக்கத்தக்கதாகவும் மீண்டும் இயக்கத்தக்கதாகவும் நிலைக்கும்.