சேலம் தெருவும் சாய்ஸ் ஃபில்லிங்கும்

பாஸ்டன், ஜூன்



போன வாரம் ராத்திரி அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மகனுக்குக் கட்-ஆஃப் 200-க்கு 178. "கவுன்சலிங்ல என்ன போடலாம், நீயே சொல்லுடா" என்றாள்.

நம் ஊரில் கவுன்சலிங் என்றால் எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் பிடிப்பது. இப்போது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தட்டிவிடுகிறார்கள்; அதற்குப் பெயர் சாய்ஸ் ஃபில்லிங். என் காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் உட்கார வேண்டும். திரையில் கல்லூரிப் பெயர்களுக்கு எதிரே காலியிடங்கள் குறைந்துகொண்டே வரும். அப்பா மடியில் மஞ்சள் பை, அதற்குள் சர்டிஃபிகேட்டுகள். எங்கள் முறை வருவதற்குள் அவர் குறித்து வைத்திருந்ததில் முதல் மூன்று கல்லூரிகளிலும் இடம் போய்விட்டது. நாலாவதைச் சொன்னோம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடம் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, இருபத்திரண்டு வருஷம் ஒரே மாதிரி நாற்காலிகளில் உட்கார வைத்தது. போன வருஷம் அந்த நாற்காலியும் போயிற்று.

இங்கே வேலை போனவர்களுக்கு அரசு நடத்தும் மையம் உண்டு. அங்கிருந்த அம்மாள் என் பயோடேட்டாவைத் திறக்கவே இல்லை. கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். தொழிலாளர் துறை இலவசமாகத் தருவது, 60 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை. பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும், பிடிக்காது, சுத்தமாகப் பிடிக்காது, தெரியவில்லை என்று ஐந்து பதில்கள். திறமையைக் கேட்காது, மார்க்கையும் கேட்காது. விருப்பம் மட்டும்தான்.

இந்தப் பட்டியலுக்கு அடித்தளம் போட்டவர் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ஆட்களைப் பேட்டி கண்டு வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். எத்தனை பேர் வந்தாலும் அவர்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று அங்கே அவருக்குப் பட்டது. 1959-ல் அதைக் கோட்பாடாக எழுதினார். கையால் செய்கிறவர், ஆராய்கிறவர், கலைஞர், பிறருக்கு உதவுகிறவர், ஆட்களைத் திரட்டித் தொழில் நடத்துகிறவர், கணக்கையும் கோப்பையும் ஒழுங்காக வைக்கிறவர் என்று ஆறு வகை. வேலைகளையும் அதே ஆறாகப் பிரித்து, ஆளையும் வேலையையும் பொருத்திப் பார்க்கலாம் என்றார்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பேனா நின்ற இடம், 'சமையலறை அலமாரி செய்வது'. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனையில் ஆசாரி பட்டறை. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் தேக்குச் சீவலை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வேன். "படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று அம்மா காதைப் பிடித்தே இழுத்துப் போவாள். அதற்கப்புறம் உளியைத் தொட்டதில்லை. பிடிக்குமா பிடிக்காதா, எப்படிச் சொல்வது? 'தெரியவில்லை' என்று போட்டேன். முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'தெரியவில்லை'.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஃப்ராங்க் பார்சன்ஸைப் படியுங்கள் என்றார்.

1908 ஜனவரியில் இதே பாஸ்டனில், வடகோடியில் உள்ள சேலம் தெருவில் (நம் சேலம் அல்ல) புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒரு இல்லத்தில் வேலை வழிகாட்டும் நிலையத்தைத் தொடங்கியவர் அவர். கார்னெலில் சிவில் எஞ்சினீயரிங் படித்து ரயில்வேக்குப் போனார், கம்பெனி திவாலானது. இரும்பாலைக் கூலி, பள்ளி ஆசிரியர், வக்கீல், பேராசிரியர், மேயர் தேர்தலில் தோற்ற வேட்பாளர் என்று எல்லாமாக இருந்தார். இத்தனை தடவை தடம் மாறியவரிடம்தான் வழி கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. தொடங்கிய வருஷமே இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் 1909-ல் வந்தது.

வருகிறவர்களிடம் அவர் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கொடுத்து எழுதி வரச் சொல்வார். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்பதுவரை கேள்வி உண்டு. மண்டையின் வடிவத்தையும் கவனித்துக் குறித்துக்கொள்வாராம். அதற்கு நம் கைரேகைக்காரரே தேவலை. அந்தப் புத்தகத்தில், டாக்டராக வேண்டும் என்று 19 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். கை குலுக்கலில் உயிரில்லை, குரலில் சுரத்தில்லை. பார்சன்ஸ் அவனைத் திட்டவுமில்லை, தட்டிக் கொடுக்கவுமில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, பதிலை அவன் வாயாலேயே வரவைக்கிறார். அவர் சொன்னது மூன்று படி: உன்னைத் தெரிந்துகொள்; வேலைகளைத் தெரிந்துகொள்; பிறகு இரண்டையும் பொருத்து. நாம் முதல் படிக்கு ஆன்லைன் தேர்வு எழுதுகிறோம், மூன்றாவதற்குக் கட்-ஆஃப் பார்க்கிறோம். நடுப்படியில் காலே வைப்பதில்லை.

அந்த நிலையத்துக்குப் பணம் கொடுத்த பாலின் ஷா அம்மையார் தொடங்கிய கைத்தொழில் பள்ளி ஒன்று, நார்த் பென்னட் ஸ்ட்ரீட் ஸ்கூல், அதே பகுதியில் இன்றும் இருக்கிறது. வயலின் செய்வது, புத்தகம் கட்டுவது, பியானோ சுருதி சேர்ப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். மரவேலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு பலகைகளை மூலையில் பல்லுக்குப் பல் கோக்க வேண்டும். நாலு சனிக்கிழமை முயன்றேன்; மாட்டுச் சாணம் கொள்ளுமளவு இடைவெளி. கட்டைவிரலில் இரண்டு தையல். தேக்கு வாசனை பிடிக்கும், தச்சு பிடிக்காது என்று நாற்பத்தாறு வயதில் தெரிந்தது. ஒரு 'தெரியவில்லை' கழிந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தற்சமயம் பிழைப்புக்குப் பழைய வேலைதான், வேறு நாற்காலி.

அன்றைக்கு ராத்திரி, போனை மகனிடம் கொடுக்கும்படி அக்காவிடம் சொன்னேன். "என்ன மாப்ளே, என்ன படிக்கப் போறே?"

"ஏஐ, மாமா."

"அந்த வேலை செய்யுற யாரையாச்சும் பார்த்திருக்கியா?"

பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டப்ப டாக்டர் வந்தாரு மாமா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நான்தான் லைட்டு பிடிச்சேன்" என்றான். குரல் மாறியிருந்தது. அவன் கால்நடை மருத்துவன் ஆவான் என்று நான் சொல்லவில்லை. தச்சில் எனக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரலாம். ஆனால் பார்க்க வேண்டும்.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. விருதுநகர் பக்கம் கால்நடை மருத்துவமனையிலோ, கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலை செய்யும் வாசகர் யாராவது இருந்தால், ஒரு பையனை இரண்டு நாள் ஓரமாக நின்று பார்க்க விடுவீர்களா? ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். லைட் பிடிக்கத் தெரிந்த பையன்.