ஜேர்மனி நாட்டிற் சைவ போசனம்

தூரதேசப் பிரயாணஞ் செய்வோர்க்கு நேரும் இடர்களுள் மொழி ஒன்று, குளிர் மற்றொன்று. சைவ உணவே உண்ணும் நியமமுடையார்க்கோ இவ்விரண்டினும் பெரிது வயிற்றுப்பாடு. அதிலும் ஜேர்மனி என்றதும் பன்றியிறைச்சியும் சொசேஜஸ் வகைகளுமே பலருக்கு நினைவில் வரும். அவற்றுக்கு அஞ்சிப் பெட்டியிற் பாதியைப் பிஸ்கற்றாலும் அவலாலும் நிரப்பிச் செல்லும் பெரியோரை நாம் அறிவோம். பிள்ளைகளைக் காணச் சென்றவிடத்து, எல்லோரும் ஊர் பார்க்கப் புறப்படுகையில், "எனக்குப் பசியில்லை" என்று வீட்டிலேயே தங்கிவிடும் தாய்மாரையும் அறிவோம். அவர்கள் பொருட்டும், உயர்கல்விக்காக அந்நாடு செல்லும் மாணவர் பொருட்டும் இதனை எழுதலானோம்.

புலால் மறுத்தல் ஜேர்மானியர்க்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டிலேயே எடுவார்ட் பால்ற்சர் என்னும் சமயப் போதகர் நோர்ட்ஹவுசன் நகரில் மரக்கறியுணவாளர் சங்கமொன்றை நிறுவினார். 1892இல் அத்தகைய சங்கங்கள் லைப்சிக் நகரில் ஒன்றிணைந்தன. அடுத்த ஆண்டில், பேர்லினுக்கு அணித்தாகிய ஒறானியன்பேர்க்கில், மரக்கறியுணவாளர் சிலர் கூடி 'ஏடன்' என்னும் பழத்தோட்டக் குடியேற்றத்தை அமைத்தனர். ஆகவே, 'வெகெட்டாரிஷ்' என்னுஞ் சொல்லைக் கேட்டு அங்கே எவரும் திகைப்பதில்லை. பேர்லின் போன்ற பெருநகரங்களிற் பாலும் முட்டையுமே தவிர்த்த உணவுச்சாலைகளும் பலவுள.

கவனம் வேண்டுவது சிற்றூர்களிலுள்ள பழைய உணவுச்சாலைகளில். இறைச்சி துண்டாக வந்தாற் கண்ணுக்குப் புலனாகும். ஒளிந்து வருமிடங்களையே நாம் அறிந்திருத்தல் வேண்டும். வறுத்த உருளைக்கிழங்கினுள் 'ஸ்பெக்' எனப்படும் பன்றிக்கொழுப்புச் சிறுதுண்டுகள் கலந்திருக்கும். சிவப்புக் கோவாவை 'ஷ்மால்ஸ்' என்னும் உருக்கிய பன்றிக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ வேகவைப்பதுண்டு. தென்பகுதியில் உருளைக்கிழங்குச் சலாதுக்கு இறைச்சி அவித்த சாற்றை ஊற்றுவது வழக்கம். கேக்கின்மேற் பளபளக்கும் பழப்படலத்திலும், உள்ளிருக்கும் மென்மையான பாலேட்டிலும், விலங்கின் தோல் எலும்புகளிலிருந்து எடுத்த ஜெலற்றின் சேர்ந்திருக்கக்கூடும்.

தென்மேற்கே சுவேபியப் பகுதியில் 'மவுல்டாஷன்' என்றொரு பண்டம் உண்டு. இறைச்சியையும் கீரையையும் மாத்தகட்டினுள் வைத்துப் பொதிந்து அவிப்பார்கள். நோன்பு நாளிற் கடவுளின் கண்ணிற் படாதிருக்கத் துறவிகள் இறைச்சியை மாவினுள் மறைத்தனர் என்பது அவ்வூர்ப் பழங்கதை. கடவுளுக்கே மறைத்தது வழிப்போக்கராகிய நமக்கு எங்ஙனம் தெரியும்!

உணவுப் பட்டியலிற் பதார்த்தங்களின் பெயருக்கு அருகே சிறு எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருப்பதை அங்கே காணலாம். 2014 டிசம்பர் 13 முதல், பொதிசெய்யாது பரிமாறும் உணவிலும் ஒவ்வாமை விளைக்கும் 14 வகைப் பொருள்களைப் பற்றி உண்போர்க்கு அறிவித்தல் வேண்டுமென்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். கோதுமை முதலிய தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, கடுகு, எள் ஆகியன அப்பதினான்கினுட் சில. எழுத்துகளின் பொருள் கடைக்குக் கடை வேறுபடும். பட்டியலின் ஈற்றில் விளக்கம் இருக்கும். கச்சான் ஒவ்வாத குழந்தையுடன் செல்லும் பெற்றோர்க்கு இஃது அரிய உதவி. முட்டை தவிர்ப்போர்க்கும் பயன்படும். ஆயினும், அப்பதினான்கினுள் இறைச்சியோ பன்றிக்கொழுப்போ இல்லை என்பதை மறத்தலாகாது. எழுத்தைப் பார்த்து மட்டும் 'இது சைவம்' என்று துணிதல் தகாது. வாய்திறந்து கேட்கவே வேண்டும்.

கேட்பதுதான் நம்மவர்க்குக் கடினம். சுவேபியச் சிற்றூர் ஒன்றிலுள்ள உணவுச்சாலைக்கு எம் அன்னையாருடன் சென்றிருந்தோம். அவர் எழுபது ஆண்டுகளாக முட்டையுந் தீண்டாதவர். பரிமாறும் பெண்ணிடம் நாம் ஒவ்வொரு பதார்த்தமாக விசாரிக்க, அன்னையார் எம் கையைப் பிடித்து, "தம்பி, அந்தப் பிள்ளையை ஏன் கரைச்சற்படுத்துகிறாய்? எனக்குப் பாணுந் தேத்தண்ணியும் போதும்" என்றார். அப்பெண்ணோ முகஞ் சுளியாது உள்ளே சென்று சமையற்காரரையே அழைத்து வந்தாள். பயறுக் கறியிற் பன்றிக்கொழுப்பு உண்டு. 'ஷ்பெற்ஸ்லே' என்னும் மாவுணவில் முட்டை உண்டு. இரண்டும் ஆகா என்று அவர் தாமே விலக்கினார். சிறிது சிந்தித்தபின், தோலுடன் அவித்த உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் நறுக்கிக் கலந்த 'குவார்க்' என்னும் கட்டித்தயிர் போன்ற பாலுணவும், வெண்ணெயும் தருவதாகச் சொன்னார். பட்டியலில் அப்பதார்த்தமே இல்லை. ஆவி பறக்க வந்த கிழங்கை உரித்து உண்ட அன்னையார், "நல்லாயிருக்கு, கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்தாற் போதும்" என்றார். மறுநாள் ஊர் பார்க்க எமக்கு முன்னரே புறப்பட்டு நின்றவரும் அவரே.

தெற்கே பவேரியாவில் இன்னுமொரு வசதி உண்டு. 1812இல் அந்நாட்டு மன்னர் முதலாம் மக்ஸிமிலியன் பிறப்பித்த ஆணை, மியூனிக் நகர் மதுவடிப்போர் தம் நிலவறைத் தோட்டங்களிற் பியர் விற்பதற்கு இடமளித்தது. ஆயினும் பாண் தவிர்ந்த உணவு விற்பதைத் தடுத்தது. வந்தவர்கள் தத்தம் உணவைக் கட்டிக்கொண்டு வரலாயினர். தடை நீங்கிய பின்னும் வழக்கம் நிலைத்தது. கொண்டுவந்த உணவைக் கட்டணமின்றி உண்ணும் வசதி இத்தோட்டங்களின் இலக்கணம் என 1999ஆம் ஆண்டின் பவேரிய அரச விதியும் கூறுகின்றது. பானத்தை மட்டும் அங்கேயே வாங்குதல் வேண்டும். அப்பிட் பழச்சாறும் சோடாநீரும் கிடைக்கும். விரிப்பு விரித்த மேசைகள் பரிமாறுவோர்க்குரியன. விரிப்பில்லா மேசையிலே அமர்தல் முறை. மரநிழலில் நாம் புளிச்சோற்றுப் பொதியை அவிழ்த்தபோது அயலிலிருந்தவர்கள் "நல்லுணவாகுக" என்னும் பொருளில் வாழ்த்துரைத்தனர்.

வடமேற்கே ஹம் நகரில், நம்மவர் முயற்சியால் எழுந்து 2002இற் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கின்றது. ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவிற் பல்லாயிரவர் கூடுவர். ஜேர்மானியரும் வந்து கண்டு மகிழ்வர். அந்நாட்டிற் சைவ உணவு விருந்தினர் நிலையைக் கடந்து குடியுரிமை பெற்றுவிட்டது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

அங்கே செல்லும் மாணவர்கள் ஒரு சிறு தாளில் இதனை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்களாக: "ஓன ஃப்ளைஷ், ஓன ஸ்பெக், ஓன ஷ்மால்ஸ், ஓன ஃபிஷ்." இறைச்சியின்றி, உப்பிட்ட கொழுப்பின்றி, உருக்கிய கொழுப்பின்றி, மீனின்றி என்பது பொருள். முட்டை உண்ணாதார் "ஓன ஐ" என்பதையுஞ் சேர்க்க. வெறுமனே "இறைச்சி வேண்டாம்" என்றால், ஸ்பெக் துண்டுகளை இறைச்சியென எண்ணாதாரும் உளர். பெயர் சொல்லிக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கும். பெற்றோர் உங்களைக் காண வரும்போது அவர்களுக்காகவும் நீங்களே கேளுங்கள். அவர்கள் கூச்சத்தினாற் பசித்திருக்க விடாதீர்கள்.